பிடித்த பலகாரத்தை விடாமல் மறுபடியும் எடை குறைக்க: மலையகச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருமுறை எடையைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டு, இப்போது மறுபடியும் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதன்முறை தொடங்குபவர்களுக்கும் உதவும். ஆனால் இரண்டாம் முறை வருபவர்களின் சிக்கல் வேறு. எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததையெல்லாம் ஒரே திங்கட்கிழமையில் செய்யப் பார்ப்பதால்தான் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். உயரம் 156 சென்டிமீட்டர். 74 கிலோவிலிருந்து எட்டு மாதத்தில் 66க்கு வந்தேன். ஒரே வருடத்தில் 73க்குத் திரும்பிப் போனேன். இரண்டாம் முறை இறங்குவதற்கு 11 மாதம் எடுத்தது. ஆனால் அதன்பின் இரண்டு தீபாவளியும் இரண்டு சித்திரைப் புத்தாண்டும் கடந்துவிட்டன, எடை 65க்கும் 67க்கும் இடையிலேயே நிற்கிறது. முதல் முறை பலகாரத்தை முற்றாக ஒதுக்கினேன். இரண்டாம் முறை பலகாரத்துக்குத்தான் முதலில் இடம் ஒதுக்கினேன். பிறகு ஆசிரியர் அறையிலும் அக்கம்பக்கத்திலும் ஏழெட்டுப் பேர் இதே வழியில் வந்தார்கள். அவர்கள் இடறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். வரிசைக்குக் காரணம் உண்டு.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பாடசாலைக் கொப்பி, ஒரு பேனை, தையல்காரர் வைத்திருக்கும் அளவுநாடா, ஒரே ஒரு தேக்கரண்டி. தராசு வீட்டில் இல்லாவிட்டால் பரவாயில்லை, மருந்துக்கடைத் தராசு போதும். எப்போதும் அதே தராசாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். இரண்டு தராசுகள் ஒன்றரைக் கிலோ வித்தியாசம் காட்டியதைப் பார்த்து மனம் உடைந்து விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது வைத்தியசாலை. வெறும் வயிற்று இரத்தச் சீனி, இரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலைகளில் இவற்றை இலவசமாகப் பார்ப்பதற்கென்றே நிலையங்கள் இயங்குகின்றன. உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைக் கேட்டால் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவார்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் வைத்தியரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டுகிறவர்களும் இப்போது இதைத் தொடங்க வேண்டாம்.

இலக்கை எப்படி வைப்பது? உயரத்தை மீற்றரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள். வரும் விடையை 23ஆலும் 27.5ஆலும் தனித்தனியாகப் பெருக்குங்கள். எனக்கு 1.56 × 1.56 = 2.43. முதல் எண் 56 கிலோ, இரண்டாவது 67 கிலோ. இந்த 23உம் 27.5உம் உடல் நிறைச் சுட்டி, அதாவது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். ஆசிய உடலமைப்புக்கு அது 23ஐத் தாண்டினால் நோய் அபாயம் ஏறத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நல்லது.

இந்த எண்களைப் பார்த்ததும் 56ஐ இலக்காக எழுதிவிடாதீர்கள். இப்போதைய எடையில் 5 வீதம், அதுதான் முதல் இலக்கு. 72 கிலோ உள்ளவருக்கு 3.6 கிலோ. அந்தளவு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சீனியிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். எட்டக்கூடிய இலக்கு எட்டப்பட்டால்தான் அடுத்ததை வைக்க மனம் வரும்.

## 2. முதல் ஏழு நாள்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்த வாரம் வழக்கம்போலவே சாப்பிடுங்கள். ஆனால் வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் அந்த நேரத்திலேயே கொப்பியில் எழுதுங்கள். பிளேன்டீ என்றால் எத்தனை கரண்டிச் சீனி, ரொட்டி என்றால் எத்தனை, பிள்ளை மீதி வைத்த பிஸ்கட் என்றால் அதுவும்.

இரவில் உட்கார்ந்து ஒரேயடியாக எழுதினால் பாதி விடுபடும். பொய் சொல்லும் எண்ணத்தில் யாரும் விடுவதில்லை. நின்றுகொண்டு சாப்பிட்டது நினைவில் தங்குவதில்லை, அவ்வளவுதான். சமைக்கும்போது ருசி பார்த்தது, பஸ் தரிப்பிடத்தில் வாங்கிய கடலை, பக்கத்து வீட்டில் குடித்த தேநீர் எல்லாம் இந்த வகை.

இந்த ஏழு நாளும் பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும். ‘ஒரு வாரம் வீணாகிறதே’ என்பார்கள். வீணாகவில்லை. நான் ஏன் கூடினேன் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன்: தீபாவளிப் பலகாரம். கொப்பியைப் பார்த்தபோது ஏழு நாளில் நான் குடித்த தேநீர் 38 கோப்பை.

## 3. பலகாரத்துக்கு முதலில் இடம் போடுங்கள்

எதைக் குறைப்பது என்று யோசிக்கும் முன்பே எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். மற்ற வழிகாட்டிகள் இதைக் கடைசியில் வைக்கும். அப்படி வைத்தால், எல்லாவற்றையும் குறைத்துக் களைத்துப்போன பிறகு பலகாரம் பரிசு போல வந்து நிற்கும். பரிசு என்று நினைத்ததை அளவோடு சாப்பிட யாராலும் முடியாது.

ஏழு நாள் கொப்பியை எடுத்து, இனிப்பும் பொரியலும் உள்ள வரிகளைக் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘தேடிச் சாப்பிட்டேன்’ அல்லது ‘முன்னால் இருந்ததால் சாப்பிட்டேன்’ என்று எழுதுங்கள். உண்மையாக எழுதினால் இரண்டாவது வகையே அதிகமாக இருக்கும். கூட்டத்தில் கொடுத்த பெட்டிஸ், யாரோ கொண்டுவந்த கேக், பிள்ளைகளின் மிக்சர் பொட்டலம். இவை இல்லாவிட்டால் உங்கள் வாழ்க்கையில் எந்தக் குறையும் வராது.

தேடிச் சாப்பிட்டவற்றில் இரண்டோ மூன்றோ தேர்ந்தெடுங்கள். என்னுடையவை: சனிக்கிழமை இரவுக் கொத்து, தயிரும் கித்துள் பாணியும், ரயிலில் போகும்போது சுடச்சுட வரும் பருப்பு வடை. மூன்றாவதற்கு நாள் குறிக்க முடியாது. ரயிலில் போகும் நாளே அதன் நாள்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்த நாள், எவ்வளவு, எங்கே உட்கார்ந்து. ‘கொஞ்சம் பால் டொபி’ என்று எழுதினால் பயனில்லை. ‘புதன், வெள்ளி, சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு’ என்று எழுத வேண்டும். 20 கிராம் துண்டு ஒன்று ஏறக்குறைய 80 கலோரி. வாரத்துக்கு இரண்டு துண்டு எந்தத் திட்டத்தையும் கவிழ்க்காது. டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணாமல் எடுப்பதுதான் கவிழ்க்கும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, பிடித்ததற்குப் பதிலாக ‘நல்லது’ என்று கேள்விப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. என்னோடு படிப்பிக்கும் ஒருவர் தொதலுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் என்று எழுதினார். பத்து நாள் பேரீச்சம்பழம் சாப்பிட்டார், பதினோராம் நாள் தொதலும் சாப்பிட்டார். தொதல்தான் வேண்டுமென்றால் தொதலையே எழுதுங்கள்.

## 4. தேநீர்க் கோப்பையில் இருந்து கடனைத் தீர்த்துவிடுங்கள்

பலகாரத்துக்கு ஒதுக்கிய கலோரியை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். எடுத்தாலும் தெரியாத இடம் நம் ஊரில் ஒன்று உண்டு.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சீனிப் போத்தலில் இருந்து வழக்கமாக எடுப்பதுபோல ஒரு கரண்டி எடுத்து, அதன் மேற்பரப்பை ஒரு கத்தியின் முதுகால் வழித்துக் கடதாசியில் கொட்டினேன். கரண்டிக்குள் இருந்த அளவு சீனி கடதாசியிலும் கிடந்தது. ஒரு கரண்டி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டு கரண்டி.

மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம், 16 கலோரி. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால் 40 கிராம், 160 கலோரி. குவித்து எடுத்தால் அதுவே 80 கிராம், 320 கலோரி. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர், சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம்மில் எத்தனையோ பேர் காலை பத்து மணிக்கு முன்பே 25 கிராமைத் தாண்டிவிடுகிறோம், அதுவும் ஒரு பலகாரத்தைக்கூடத் தொடாமல்.

செய்யும் முறை இது:

முதல் வாரம் கரண்டியை மட்டமாக வழியுங்கள். அது மட்டும் போதும். கோப்பையின் எண்ணிக்கையையும் கரண்டியின் எண்ணிக்கையையும் தொட வேண்டாம்.

இரண்டாம் வாரம் ஒவ்வொரு கோப்பையிலும் அரைக் கரண்டி குறையுங்கள். அதே அளவில் பத்து நாள் நில்லுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் கேட்கும். ஒரே நாளில் சீனியை நிறுத்தியவர்கள் நாலாம் நாள் பழைய அளவுக்கே போனதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு இன்னொரு அரைக் கரண்டி. ஒரு கோப்பைக்கு ஒரு மட்டக் கரண்டியோ அதற்குக் குறைவோ வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குமேல் குறைப்பது உங்கள் விருப்பம்.

சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக்கொண்டு பிளேன்டீ குடிக்கும் பழைய பழக்கம் உள்ளவர்கள் அதை விடாதீர்கள். நாக்கில் நேரே படும் சீனி கொஞ்சமாக இருந்தாலும் இனிப்பு நன்றாகத் தெரியும். அரைக் கரண்டி கையில் வைத்தால் முழுக் கோப்பைக்கும் வரும். ஆனால் கரண்டியால் அளந்து கையில் கொட்டுங்கள், போத்தலில் இருந்து நேரே கொட்டினால் அளவு தெரியாது.

சீனிக்குப் பதில் கருப்பட்டியோ கித்துள் பாணியோ சேர்த்தால் கணக்கில் வராது என்பது தவறு. ருசி வேறு, கலோரி ஏறக்குறைய அதேதான். செயற்கை இனிப்பு மாத்திரைகளை எடை குறைக்கும் நோக்கில் பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. என் அனுபவத்திலும் அவை நாக்கின் இனிப்புப் பழக்கத்தை அப்படியே வைத்திருக்கின்றன. இனிப்பூட்டிக் கெட்டியாக்கிய டின்பாலில் பாதிக்கு மேல் சீனி. டின்பால் தேநீர் குடிப்பவர்கள் அதைப் பாலாக எண்ணாமல் சீனியாகவே எண்ணி எழுதுங்கள். போத்தல் பானம் வாங்கினால் அதில் உள்ள சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் அது கட்டாயம்.

மற்றவர் வீட்டுத் தேநீர்தான் கடினம். நம் ஊரில் வந்தவருக்குச் சீனி குறைத்துக் கொடுப்பது அவமரியாதை. கோப்பை கைக்கு வந்தபின் மறுத்தால் மனம் நோகும். அடுப்பில் தண்ணீர் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “அக்கா, எனக்குச் சீனியைத் தனியாகத் தாங்க, நான் கையில் வைத்துக் குடிக்கிறேன்.” இதுவரை யாரும் கோபித்ததில்லை. பெரியவர்கள் சிலர் மகிழ்ந்துபோய்த் தாங்களும் கையை நீட்டினார்கள்.

## 5. ரொட்டியைச் சிறிதாக்குங்கள், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம்

தேநீர் பழகிய பிறகே இந்தப் படி. இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் எது கடினமாக இருக்கிறது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவீர்கள்.

என் அம்மா டிக்கோயாப் பக்கம் கொழுந்து பறித்தவர். விடிய எழுந்து இரண்டு தடித்த ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலையேறுவார். கூடையைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கும் உடலுக்கு அந்த இரண்டு ரொட்டியும் தேவை. அவர் பிள்ளையான நான் நாற்காலியில் உட்கார்ந்து கொப்பி திருத்துகிறேன். தட்டு மட்டும் அம்மாவின் தட்டாகவே இருந்தது. இன்றும் மலையில் வேலை செய்பவர்கள் இந்தப் படியில் கை வைக்க வேண்டாம். அவர்கள் உழைப்புக்கு அது சாப்பாடு. கடையில், அலுவலகத்தில், முச்சக்கரவண்டியில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் இது.

ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். அரைக் கிலோ கோதுமை மா, 150 கிராம் தேங்காய்ப்பூ, ஐந்து ரொட்டி. ஒரு ரொட்டிக்கு மாவில் இருந்து 360, தேங்காய்ப்பூவில் இருந்து 100, ஆக 460 கலோரி. இரண்டு சாப்பிட்டால் 900க்கு மேல்.

ஒரு ரொட்டியோடு நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை. ‘இரண்டு ரொட்டி’ என்பது சிறுவயது முதல் மனத்தில் பதிந்த எண்ணிக்கை. அதைக் குறைத்தால் வயிறு நிறைந்தாலும் குறையாகவே இருக்கும். எனவே அதே மாவை எட்டாகப் பிரித்தேன். மெல்லியதாகத் தட்டியதால் அகலமும் பெரிதாகக் குறையவில்லை. ஒரு ரொட்டி 290 கலோரிக்குள் வந்தது. இரண்டு ரொட்டி சாப்பிட்டேன், 580தான்.

மீதி இடத்தைப் பருப்புக் கறியும் ஒரு அவித்த முட்டையும் நிரப்பட்டும். வெறும் ரொட்டியும் கட்டச் சம்பலும் பத்தரை மணிக்கே பசியைக் கிளப்பும். பசித்த நேரத்தில்தான் சிற்றுண்டிச்சாலை ரோல்ஸ் கண்ணில் படுகிறது. பாண் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கணக்கு: துண்டை மெல்லியதாக வெட்டுங்கள், கறியைக் கூட்டுங்கள்.

## 6. பகல் தட்டை இந்த வரிசையில் நிரப்புங்கள்

வழக்கமாகச் சோற்றைப் போட்டு அதன்மேல் கறிகளை வைக்கிறோம். திருப்பிப் போடுங்கள். முதலில் தட்டில் பாதியை மரக்கறி நிரப்பட்டும்: கோவா, போஞ்சி, லீக்ஸ், கரட், வல்லாரைச் சம்பல், எதுவானாலும். நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் மலையில் இருந்துகொண்டு நம் தட்டில் ஒரு கரண்டிக் கோவாவோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கும். அடுத்து கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், நெத்தலி, கடலை, கௌபி, சோயாமீட். மீதிக் கால் பங்குதான் சோறு. வரிசை மாறினாலே சோற்றின் அளவு தானாகக் குறைந்துவிடும், கட்டுப்பாடு என்றே தோன்றாது.

உருளைக்கிழங்குக் கறி மரக்கறிப் பக்கம் சேராது. அது சோற்றின் பங்காளி.

எண்ணெயைப் போத்தலில் இருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அது எந்த எண்ணெயானாலும். கறிக்கு இரண்டாம் பாலை வைத்து, முதற்பாலை இறக்கும் நேரத்தில் இரண்டு கரண்டி மட்டும் விட்டால் மணம் குறையாது.

## 7. பலகார நாளில் செய்ய வேண்டியது

இரவில் கொத்து இருக்கிறதே என்று பகலில் பட்டினி கிடக்காதீர்கள். இதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பட்டினியோடு கடைக்குப் போனால் ஒரு பார்சல் போதாது. பகலில் வழக்கமான தட்டைச் சாப்பிடுங்கள், நாலு மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலை சாப்பிடுங்கள், பிறகு போங்கள்.

கொத்து ஒரு பார்சல் இரண்டு பேருக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு தட்டில் போட்டுவிடுங்கள். கடதாசியில் இருந்தே சாப்பிட ஆரம்பித்தால் பாதி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் வெள்ளரிக்காயும் தக்காளியும் வெட்டி வையுங்கள்.

தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். நான் முதல்முறை இப்படிச் சாப்பிட்டபோது, கல்லில் இரும்புத் தகடு தட்டும் சத்தம் இன்னும் காதில் இருந்தது, முட்டை ஒட்டிய ரொட்டித் துண்டுகளின் ஓரம் கருகி மொறுமொறுப்பாக இருந்தது. வருடக்கணக்காகச் சாப்பிட்டும் அந்தக் கருகிய ஓரம்தான் எனக்குப் பிடித்தது என்று அன்றுதான் கண்டுகொண்டேன். இப்போது கடைக்காரரிடம் கொஞ்சம் முறுக விடச் சொல்லி வாங்குகிறேன், பாதிப் பார்சல் எனக்கு நிறைவாக இருக்கிறது.

இனிப்பை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம், சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். பசியில் எடுத்த முதல் துண்டு இரண்டாவதைக் கேட்கும். தயிருக்குப் பாணி விடும்போது கரண்டியால் அளந்து விடுங்கள், சட்டியோடு வைத்துக்கொள்ளாமல் கிண்ணத்தில் எடுங்கள். முடிந்தவரை பலகாரத்தை வீட்டில் சேமிக்காதீர்கள். ஒரு துண்டு வேண்டுமென்றால் ஒரு துண்டு வாங்குங்கள்.

சாப்பிட்டதைக் கொப்பியில் எழுதுங்கள். திட்டத்தில் உள்ளதைத் திட்டப்படி சாப்பிட்டால் அதன் அருகே ஒரு சரி அடையாளம் போடுங்கள். பலகாரத்தின் எதிரே சரி அடையாளம் விழும்போது, சாப்பிட்டது தவறு என்ற எண்ணம் போகும். அந்த எண்ணம் போனால்தான் ஒளித்துச் சாப்பிடுவதும் போகும்.

## 8. நடை

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஐந்து நாள், அரைமணி நேரம். நம் பக்கம் சமதரை குறைவு, அது நன்மையே. ஏற்றத்தில் மெதுவாக நடந்தாலும் உழைப்புக் கிடைக்கும். முழங்காலுக்குக் கேடு இறக்கத்தில்தான். இறங்கும்போது அடியைச் சிறிதாக வையுங்கள், பாதையைக் குறுக்கே வளைத்து இறங்குங்கள்.

மழைக்கு ஏற்பத் திட்டம் வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேல் பருவமழை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் வெளியே நடப்பதை நம்பினால் நின்றுபோகும். வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி பத்துப் பத்தாக மூன்று தடவை, பிறகு அறைக்குள்ளேயே பதினைந்து நிமிட நடை. தசை வலுவாக இருப்பது எடை திரும்பாமல் இருக்க உதவும்.

நடந்துவிட்டேன், ஆகவே ஒரு ரோல்ஸ் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 70 கிலோ உள்ளவர் அரைமணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 120 கலோரிதான் செலவாகும். அது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்.

## 9. எடை பார்க்கும் முறை

வாரத்துக்கு ஒருமுறை, அதே நாள், காலையில் மலசலகூடம் போய்வந்த பின், எதையும் சாப்பிடாமல். மருந்துக்கடைத் தராசு என்றால் அதே நேரம், அதே அளவு உடுப்பு. குளிரில் போடும் சுவெட்டரைக் கழற்றிவிடுங்கள்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் மகிழ்ச்சியில் வேகத்தைக் கூட்ட வேண்டாம். உடலில் சேர்த்து வைத்த மாச்சத்தோடு ஒட்டியிருந்த தண்ணீர்தான் பெரும்பாலும் போயிருக்கும். அதேபோல உப்புக் கருவாடு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடினால் அதுவும் தண்ணீர். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் கூடும். நான்கு வார எடையைக் கூட்டி நான்கால் வகுத்து, முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் அருமை, கால் கிலோ இறங்கினாலும் சரியான பாதைதான்.

இரண்டாம் முறை இறங்கும்போது முதல் முறையைவிட மெதுவாகவே இருக்கும் என்று எதிர்பாருங்கள். வயது கூடியிருக்கிறது, தசை குறைந்திருக்கலாம். எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் சக்தியும் குறையும். ஆறு வாரம் சராசரி அசையாவிட்டால் மறுபடியும் ஏழு நாள் முழுமையாக எழுதுங்கள். அநேகமாகக் கரண்டி மீண்டும் குவிந்திருக்கும்.

## 10. தீபாவளி, சித்திரை, சடங்கு வீடு

இந்த வாரங்களில் எடை குறைப்பது இலக்காக இருக்க வேண்டாம். கூடாமல் இருந்தால் போதும். முறுக்கு, அதிரசம், பக்கத்துச் சிங்கள வீட்டில் இருந்து தட்டு நிறைய வரும் கொக்கிஸ், கெவும் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாரப் பலகாரங்களை அந்த வாரம் நிறுத்தி வையுங்கள், ஏனென்றால் அவற்றின் இடத்தில்தான் இவை வந்திருக்கின்றன.

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் மிச்சமெல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். எடை கூட்டுவது பண்டிகை நாள் அல்ல, அடுத்த இரண்டு வாரம் டின்னில் கிடக்கும் மிச்சம்.

## 11. இடையில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். பிள்ளைக்குக் காய்ச்சல், மரண வீடு, பரீட்சைக் காலம், ஏதாவது ஒன்று வரும். ஒரு பெட்டிஸ் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு ‘இன்றைய நாள் போனதுதானே’ என்று இன்னும் இரண்டு எடுத்த ஒருவரைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டது. ஒரு பெட்டிஸால் எந்த நாளும் போவதில்லை. அடுத்த வேளை வழக்கமான தட்டு, அவ்வளவே. ஈடுகட்டப் பட்டினி வேண்டாம்.

வாரக்கணக்கில் விட்டுப்போனால் திரும்பும் வரிசை முன்பு வந்த அதே வரிசைதான். ஏழு நாள் எழுதுங்கள், அதற்குள் தராசில் ஏறாதீர்கள். பலகார நாட்களை மறுபடியும் குறியுங்கள், விருப்பம் மாறியிருந்தால் மாற்றுங்கள். பிறகு கரண்டியை வழியுங்கள். அது பழகியபின் ரொட்டி. முன்பு நாலு மாதம் எடுத்த படிகள் இம்முறை ஆறேழு வாரத்தில் கைக்கு வரும், நாக்கும் கையும் மறந்திருக்காது.

இதற்கென்று புதிய கொப்பி வாங்காதீர்கள், புதிய பக்கமும் வேண்டாம். கடைசியாக எழுதிய வரிக்கு அடுத்த வரியில் இன்றைய திகதியைப் போட்டுத் தொடருங்கள். என் கொப்பியில் ஒரு பக்கத்தில் ஆனி 12க்கு அடுத்த வரி புரட்டாசி 3. இரண்டுக்கும் இடையில் வெற்றிடம் எதுவும் இல்லை. புரட்டாசி 3இன் முதல் வரி: காலை 5.30, பிளேன்டீ, மட்டக் கரண்டி ஒன்று, கையில்.